கோல் கணக்கில் அகப்படாத ஆட்டக்காரர்: லூகா மோட்ரிச்

கேள்வி இதுதான்: ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கால்பந்துக் கிளப்புக்காக 597 ஆட்டம் ஆடி 43 கோல் மட்டுமே போட்ட லூகா மோட்ரிச்சை இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் என்று ஏன் சொல்கிறார்கள்? மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஆடிக்கொண்டிருந்தபோது 2018-இல் அவருக்கு, உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டோர் விருதைக் கொடுத்தது நியாயம்தானா?

என் பதில்: நியாயம்தான். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். நடுக்களத்தில் ஆடும் ஒரு மிட்ஃபீல்டரின் வேலை பெரும்பாலும் பந்து அவர் காலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டிவியில் நாம் பந்தைப் பார்க்கிறோம், அதனால் அந்த வேலை நம் கண்ணில் படுவதில்லை.

வார இறுதிகளில் பள்ளிப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுப்பவன் நான். பத்துப் பன்னிரண்டு வயதில் எல்லாருக்கும் ஒரே பழக்கம்: பந்து வரும்போது பந்தையே பார்ப்பார்கள். கால் பந்தைத் தொட்ட பிறகுதான் தலை நிமிரும். அதற்குள் எதிரணிப் பையன் வந்து காலை நீட்டியிருப்பான். மோட்ரிச்சின் ஆட்டத்தை ஒரு பத்து நிமிடம், பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். பந்து வேறு யாரிடமோ இருக்கும்போது அவர் தலை இடது, வலது, பின்னால் என்று திரும்பிக்கொண்டே இருக்கும். சாலையைக் கடக்கப்போகிறவர் மாதிரி. பந்து வந்து சேரும்போது உடம்பு பாதி திரும்பி நிற்கும், அடுத்த பாஸ் எங்கே என்பது முடிவாகியிருக்கும். அவரைத் தடுக்க வருபவர் அந்த ஒரு கணம் பின்தங்கிவிடுகிறார். அவர் உயரம் 172 செ.மீ.தான். மோதி ஜெயிக்கும் உடம்பு கிடையாது. மோதல் நடக்கும் முன்பே அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதுதான் அவர் கற்றுக்கொண்ட வித்தை.

அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை குரோஷியாவின் ஸதார் நகரத்துக்குப் போகும். 1985 செப்டம்பர் 9-இல் பிறந்தவர். வெலெபிட் மலைச்சரிவில் மோட்ரிச்சி என்ற சிறு குடியிருப்பில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். தாத்தா பெயரும் லூகாதான். ஐந்து வயதுப் பையனாக அந்த மலையில் ஆடு ஓட்டிப்போகும் மோட்ரிச்சின் பழைய படக்காட்சி ஒன்று இருக்கிறது. ஓநாய்களைப் பற்றிய ஆவணப்படத்துக்காக எடுத்தபோது தற்செயலாகப் பதிவானது. 1991 டிசம்பரில் யுகோஸ்லாவியப் போரின்போது செர்பிய ஆயுதக் குழு தாத்தாவைச் சுட்டுக் கொன்றது. குடும்பம் ஊரை விட்டு ஸதாருக்கு ஓடிவந்தது. அகதிகளைத் தங்கவைத்திருந்த ஹோட்டல்களில் பல வருடம் வாழ்க்கை: முதலில் கொலொவாரே, பிறகு இஷ். அப்பா ராணுவத்தில் சேர்ந்தார். ஊர்மேல் குண்டு விழும் நாட்களில் பையன் ஹோட்டல் வண்டி நிறுத்தும் இடத்தில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'கஷ்டப்பட்டதால் ஜெயித்தார்' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்த ஹோட்டல்களில் இருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதே கஷ்டத்தைத்தான் பட்டார்கள். ஆட்டக்காரராக அவரை உருவாக்கியது வேறொன்று என்று நினைக்கிறேன். உருவத்தை வைத்து அவரைத் திரும்பத் திரும்ப ஒதுக்கினார்கள். டால்மேஷியக் கடற்கரையில் பந்து விளையாடும் ஒவ்வொரு பையனுக்கும் கனவாக இருக்கும் கிளப் ஹைடுக் ஸ்ப்ளிட். அங்கே தேர்வுக்குப் போன மோட்ரிச்சை, 'ரொம்பச் சின்னவன், பலமில்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் ஆட்டத்தை விட்டுவிடாமல் பிடித்து வைத்தவர் ஸதார் கிளப்பின் பயிற்சியாளர் டோமிஸ்லாவ் பாஷிச். அவரைத் தன் விளையாட்டுத் தந்தை என்றே மோட்ரிச் சொல்வார்.

பிறகு குரோஷியத் தலைநகரின் கிளப் டினமோ ஸாக்ரெப் அவரை எடுத்தது, எடுத்த கையோடு வேறு கிளப்புக்கு இரவலாக அனுப்பியது. 2003-04 பருவம் பொஸ்னியாவில், ஸ்ரின்ஸ்கி மோஸ்தார் அணியில். மேடுபள்ளமான மைதானங்கள், காலைப் பார்த்தே உதைக்கும் பெரிய ஆட்கள். 18 வயதுப் பையன் அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதோடு திரும்பினான். பொஸ்னிய லீக்கில் ஆட முடிந்தவனால் உலகத்தில் எங்கேயும் ஆட முடியும் என்ற பொருளில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். பையன்களிடம் நான் அதிகம் சொல்வது இந்தப் பருவத்தைப் பற்றித்தான். அழகாக ஆடத் தெரிந்த எத்தனையோ பேர் உடம்பால் அடிக்கும் லீக்கில் காணாமல் போவார்கள். பந்தை வைத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைப்பதுதான் அங்கே பிழைக்கும் வழி என்று இவர் கண்டுபிடித்துக்கொண்டார். பின்னாளில் உலகம் வியந்த சிக்கனம் மோஸ்தாரில் பழகியது.

குரோஷியாவின் இன்டர் ஸாப்ரெஷிச் கிளப்பில் இன்னொரு இரவல் காலம், பிறகு டினமோவோடு நீண்ட ஒப்பந்தம். அந்தப் பணத்தில் ஸதாரில் பெற்றோருக்கு வீடு வாங்கினார். 2006, 2007, 2008 என்று மூன்று லீக் பட்டங்கள். 2006 மார்ச் 1-இல் பாசெல் நகரில் அர்ஜென்டினாவுக்கு எதிராக நாட்டு அணிக்காக அவருடைய முதல் ஆட்டம். குரோஷியா 3-2 என்று ஜெயித்தது. மெஸ்ஸி அர்ஜென்டினாவுக்காக முதல் கோல் போட்டதும் அதே ஆட்டத்தில்தான். 2007 நவம்பரில் வெம்பிளியில் இங்கிலாந்தை 3-2 என்று தோற்கடித்து, அவர்களை ஐரோப்பிய நாடுகளுக்கான 2008 யூரோ போட்டிக்கே வரவிடாமல் செய்த குரோஷிய அணியின் நடுக்களம் இவர்தான்.

அந்த யூரோவில் நடந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். வியன்னாவில் துருக்கிக்கு எதிரான கால் இறுதி. 119-ஆவது நிமிடத்தில் கோட்டின் ஓரத்தில் பந்தை விடாமல் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார் மோட்ரிச், கிளாஸ்னிச் தலையால் முட்டி கோல். ஜெயித்தாயிற்று என்று எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருக்கும்போதே, கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் துருக்கி சமன் செய்தது. பெனால்ட்டி வரிசை. இரு அணியும் மாறி மாறி உதைத்து வெற்றியை முடிவு செய்யும் அந்தக் கட்டத்தில், முதலில் உதைக்க வந்த மோட்ரிச் வெளியே அடித்தார். குரோஷியா வெளியேறியது. அவருக்கு வயது 22.

லண்டன் கிளப் டாட்டன்ஹாமில் இருந்த வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2008-இல் போனார். அணி முதல் எட்டு லீக் ஆட்டத்தில் இரண்டே புள்ளி எடுத்துத் தடுமாறியது. இவரை இடது ஓரத்தில் நிறுத்துவதா, நடுவில் நிறுத்துவதா என்ற குழப்பம். 'இங்கிலாந்து லீக்குக்கு இவர் உடம்பு தாங்காது' என்ற பழைய பாட்டு அங்கேயும் கேட்டது. பயிற்சியாளராக ஹாரி ரெட்னாப் வந்தபிறகு நிலை மாறியது. 2009 ஆகஸ்டில் கால் எலும்பு முறிந்தும் அந்தப் பருவத்திலேயே திரும்பி வந்தார், அணி நான்காம் இடம் பிடித்து, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குப் போனது. 2011 கோடையில் செல்சி கேட்டது, டாட்டன்ஹாம் விடவில்லை. 2012 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் கூட்டிப்போனது.

மாட்ரிட்டில் முதல் நான்கு மாதம் கசப்பு. முறையான பயிற்சிக் காலமே இல்லாமல் நேராக ஆட்டத்தில் இறங்கினார். பெஞ்சில் உட்கார்ந்த நாட்கள்தான் அதிகம். 2012 முடியும்போது ஸ்பானிய விளையாட்டுப் பத்திரிகை மார்க்காவின் வாசகர் வாக்கெடுப்பு அவரை அந்தப் பருவத்தின் மிக மோசமான ஒப்பந்தம் என்று தேர்ந்தெடுத்தது. 2013 மார்ச் 5, மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபர்டு, சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். யுனைடெட் முன்னிலையில் இருக்கிறது. அவர்களுடைய ஆட்டக்காரர் நானிக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேருக்கு எதிராக ஆடும்போது யார் தேவை? காலியான இடத்தைக் கண்டுபிடிப்பவர் தேவை. 59-ஆவது நிமிடத்தில் மோட்ரிச் உள்ளே வந்தார். ஏழு நிமிடம் கழித்து பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியே ஒரு ஆளை ஏமாற்றி நகர்ந்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு வலைக்குள் போனது. மூன்று நிமிடத்தில் ரொனால்டோ இன்னொன்று. அன்றைக்குப் பிறகு அந்த வாக்கெடுப்பை யாரும் எடுத்துப் பேசவில்லை.

2014 மே 24, லிஸ்பன். சாம்பியன்ஸ் லீக் இறுதி. அட்லெடிகோ மாட்ரிட் 1-0 முன்னிலை, 93-ஆவது நிமிடம். ரியல் மாட்ரிட்டுக்கு வலது பக்கத்தில் கார்னர். இந்தக் கார்னரை எடுத்தவர் மோட்ரிச். செர்ஹியோ ராமோஸ் தலையால் முட்டியதை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில், 12 வருடமாகக் காத்திருக்கும் பத்தாவது கோப்பை ஒரு உதையில் தொங்கும்போது, கை கால் நடுங்காமல் சரியான உயரத்தில் சரியான இடத்துக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்த காலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கூடுதல் நேரத்தில் ரியல் 4-1 என்று ஜெயித்தது. அவருடைய ஆறு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களில் முதலாவது அது. 2016, 2017, 2018, 2022, 2024 மற்றவை.

அந்த 2016-18 அணியின் நடுக்களத்தை நான் பார்த்ததிலேயே மிகச் சரியாகப் பொருந்திய மூவர் கூட்டணி என்பேன். பின்னால் காசெமிரோ, இடதில் டோனி குரூஸ், வலதில் மோட்ரிச். காசெமிரோ இடித்துப் பந்தைப் பறிப்பார். குரூஸ் நின்ற இடத்திலிருந்து நாற்பது மீட்டர் பாஸை அளந்து போடுவார். மோட்ரிச் ஓடுவார். வலது ஓரப் பாதுகாப்பில் நிற்கும் ஃபுல்பேக் கார்வஹால் மேலே ஏறினால் அவர் விட்ட இடத்தை மூடுவார், பந்து கிடைத்தால் இரண்டு பேருக்கு நடுவே நுழைந்து அணியை முப்பது மீட்டர் மேலே கொண்டுபோவார். எதிரணி அழுத்தம் கொடுக்கும்போது எல்லாரும் பந்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 'எனக்குக் கொடு' என்று அந்த நெருக்கடிக்குள் போய் நிற்பவர் இவர். இதற்கு எந்தப் புள்ளிவிவரப் பலகையிலும் சரியான பத்தி இல்லை. கோலுக்கு முந்தைய பாஸை எண்ணுகிறோம். அதற்கு முந்தைய பாஸை, அதற்கும் முன்னால் ஆபத்திலிருந்து அணியைத் திருப்பிய அந்த ஒரு தோள் அசைவை யார் எண்ணுகிறார்கள்?

இப்போது 2018. சாம்பியன்ஸ் லீக் பட்டம் கையில் இருக்க, ரஷ்ய உலகக் கோப்பைக்குப் போனார். சுமார் நாற்பது லட்சம் பேரே உள்ள நாடு குரோஷியா. நைஜீரியாவை ஜெயித்தார்கள், அர்ஜென்டினாவை 3-0 என்று சாய்த்தார்கள். அதில் ஒரு கோல் மோட்ரிச் தூரத்திலிருந்து அடித்தது. அடுத்த சுற்றில் டென்மார்க். 1-1 என்று கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கையில் மோட்ரிச் பாதுகாப்பு வரிசையைப் பிளந்து ஒரு பாஸ் கொடுத்தார். கோல்கீப்பரையும் தாண்டிவிட்ட ரெபிச்சைப் பின்னாலிருந்து வீழ்த்தினார்கள். பெனால்ட்டி. மோட்ரிச் அடித்தார், டென்மார்க் கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார்.

வியன்னா திரும்ப வந்து நின்ற மாதிரி. பத்து வருடம் கழித்து, அதேபோல் தானே வாய்ப்பை உருவாக்கி, தானே பெனால்ட்டியைத் தவறவிட்டு. ஆட்டம் பெனால்ட்டி வரிசைக்குப் போனது. எந்தப் பயிற்சியாளரும் அப்போது தவறவிட்டவரிடம் 'நீ அடிக்கிறாயா' என்று கேட்கத் தயங்குவார். மோட்ரிச் நடந்து வந்தார், அதே ஷ்மைக்கேலுக்கு எதிராக அடித்தார், கோல். குரோஷிய கோல்கீப்பர் சுபாஷிச் மூன்று பெனால்ட்டியைத் தடுக்க,  குரோஷியா ஜெயித்தது. அடுத்து ரஷ்யாவோடும் பெனால்ட்டி வரிசை. அங்கே அவர் அடித்த பந்து கோல்கீப்பர் கையில் பட்டு, கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அரை இறுதியில் இங்கிலாந்தை மறுபடி கூடுதல் நேரத்தில் 2-1. பதினோரு நாட்களில் மூன்று 120 நிமிட ஆட்டங்கள், 32 வயதில். இறுதியில் பிரான்சிடம் 4-2 என்று தோற்றார்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை.

டிசம்பரில் பாலோன் டோர். 753 புள்ளி, அடுத்து வந்த ரொனால்டோவுக்கு 476. 2007-இல் பிரேசில் ஆட்டக்காரர் காக்கா வாங்கியபிறகு பத்து வருடம் மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாறி மாறி வைத்திருந்த விருது அது. எதிர்வாதம் எனக்குத் தெரியும்: உலகக் கோப்பையை ஜெயித்தது பிரான்ஸ், அப்படியானால் அந்த அணியின் கிரீஸ்மனுக்கோ, சாம்பியன்ஸ் லீக்கையும் சேர்த்து இரண்டையும் ஜெயித்த வரானுக்கோ போயிருக்கலாமே என்பார்கள். பொருட்படுத்த வேண்டிய வாதம்தான். ஆனால் இந்த இரண்டு பெரிய அணிகளில் யாரை எடுத்துவிட்டால் அணியே வேறாகிவிடும் என்று கேட்டுப்பாருங்கள். மோட்ரிச் இல்லாத குரோஷியா இறுதிக்கு வந்திருக்காது. 2010-இல் இனியெஸ்டாவும் ஷாவியும் இரண்டாம் மூன்றாம் இடத்தோடு நின்றுபோனார்கள். மிட்ஃபீல்டர்களுக்கு வரவேண்டிய கடன் இவர் மூலமாக வந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு கறையையும் சொல்லாமல் விடக்கூடாது. டினமோவின் அதிகார மையமாக இருந்த ஸ்ட்ராவ்கோ மமிச்மேல் நடந்த பணமோசடி வழக்கில் 2017-இல் சாட்சி சொன்ன மோட்ரிச், முன்பு சொன்னதை மாற்றினார், முக்கியமான இடங்களில் நினைவில்லை என்றார். நாடே கோபப்பட்டது. அகதியாக அவர் இருந்த ஹோட்டல் இஷ் சுவரிலேயே, 'லூகா, இந்த நாளை ஒருநாள் நினைத்துப் பார்ப்பாய்' என்ற பொருளில் யாரோ எழுதி வைத்தார்கள். பொய்ச்சாட்சி என்று 2018 மார்ச்சில் அவர்மேல் குற்றச்சாட்டு பதிவானது, அந்த வருடமே நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. மமிச் தண்டிக்கப்பட்டார். ரஷ்யாவில் அவர் ஆடிய ஆட்டம் பலருடைய கோபத்தைத் தணித்தது. எல்லாருடைய கோபத்தையும் அல்ல, அதுவும் புரிந்துகொள்ளக்கூடியதே.

விருதுக்குப் பிறகு அவர் கதை முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். 33 வயது, பழைய ஓட்டம் குறையும் காலம். நடந்தது வேறு. 2022 ஏப்ரல் 12, ரியல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபேவு. சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தை 3-1 என்று ஜெயித்திருந்த மாட்ரிட், சொந்த மண்ணில் செல்சியிடம் 0-3 என்று பின்தங்கி, மொத்தத்தில் வெளியேறும் நிலைக்கு வந்துவிட்டது. 80-ஆவது நிமிடம். பெட்டிக்கு வெளியே இடப்பக்கம் மோட்ரிச் காலில் பந்து. இடது காலால் குறுக்கே தூக்குவதுதான் எல்லாரும் செய்வது. அவர் வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு சீவு சீவினார். பந்து டிஃபென்டர்களின் தலைக்குமேல் வளைந்துபோய், தூரக் கம்பத்தை நோக்கி ஓடிவந்த ரோட்ரிகோவின் காலில் விழுந்தது. தரையில் படவிடாமல் கோல்.

அந்தப் பாஸை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. உதைக்கும் அழகுக்காக மட்டும் இல்லை. ரோட்ரிகோ களத்துக்குள் வந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. அவர் எங்கே ஓடுவார் என்பதை அவர் ஓடத் தொடங்கும்போதே மோட்ரிச் முடிவு செய்திருந்தார். இடது காலுக்குப் பந்தை மாற்றியிருந்தால் அரை வினாடி போயிருக்கும், செல்சி டிஃபென்டர் இடத்தை அடைத்திருப்பார். வெளிப்பக்கத்தால் உதைப்பது அவருக்கு அலங்காரம் கிடையாது. நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. கூடுதல் நேரத்தில் பென்செமா தலையால் ஒரு கோல் போட, மொத்தக் கணக்கில் 5-4 என்று மாட்ரிட் முன்னேறியது. அந்த வருடமும் கோப்பை. அப்போது அவருக்கு 36 வயது.

வேகத்தை நம்பி ஆடுபவர்களுக்கு வயதாகும்போது எல்லாம் போய்விடும். தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வயதோடு போவதில்லை. 2022 உலகக் கோப்பையில் பிரேசிலைப் பெனால்ட்டி வரிசையில் வெளியேற்றி மூன்றாம் இடம். 2024 யூரோவில் லைப்சிக் நகரில் இத்தாலிக்கு எதிராக அவர் அடித்த ஒரு பெனால்ட்டியைக் கோல்கீப்பர் டொன்னருமா தடுத்துவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதே பெட்டிக்குள் திரும்ப வந்த பந்தை வலையின் கூரைக்கு அடித்து கோலாக்கினார் மோட்ரிச். 38 வயது 289 நாள், யூரோ வரலாற்றிலேயே கோல் போட்டவர்களில் மூத்தவர். கடைசி நொடிகளில் இத்தாலி சமன் செய்ய, குரோஷியாவின் கனவு அன்றே உடைந்தது. ஆட்டத்தின் சிறந்தவர் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற அந்தப் படம் எனக்கு 2018-இன் தங்கப் பந்துப் படத்தையே நினைவூட்டியது. அதே முகம்.

2025 கோடையில் 28 கோப்பைகளோடு மாட்ரிட்டை விட்டுப் போனார். அந்தக் கிளப்பின் வரலாற்றில் அத்தனை ஜெயித்தவர் வேறு யாரும் இல்லை. போன இடம் இத்தாலியின் ஏசி மிலான். குரோஷியரான ஸ்வோனிமிர் போபன் அங்கே ஆடியதால் சிறுவயதில் அவருக்குப் பிடித்த கிளப் அது. செப்டம்பர் 9-இல் 40 வயது நிறைந்தது. ஐந்து நாள் கழித்து பொலோன்யாவுக்கு எதிராக மிலான் 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலைப் போட்டவர் மோட்ரிச்.